மந்திரிக்காத மண்

ஜப்பான்காரன் காலத்தில் நான் ஓட்டியது கரி லாரி. பெட்ரோல் முழுக்க அவன் சண்டைக்குப் போய்விட்டது. டிரைவர் அறைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை இருக்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிக் கொளுத்தி, விசிறியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் வருகிற புகையில்தான் எஞ்சின் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேட்டைக் கண்டால் நின்றுவிடும். இறங்கிச் சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்து, கரியைக் கிளறி, கெட்ட வார்த்தை சொல்லி, அப்புறம் சொன்னதற்காக ஒரு சிலுவை போட்டுக்கொண்டு மறுபடியும் ஏறுவேன்.

லாரி ஒரு சீன முதலாளியுடையது, தவுக்கே என்போம். ஜப்பான்காரன் அதை எடுத்துக்கொண்டபோது என்னையும் உதிரிச் சாமானைப் போலச் சேர்த்து எடுத்துக்கொண்டான். மலாக்காவிலிருந்து தம்பின் ஊருக்குப் போகிற தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாமில் புதுப் பாதை போட அனுப்பிவிட்டார்கள். ரயிலில் போக வேண்டியதெல்லாம் எங்கள் முதுகில் ஏறியது. கித்தா என்கிற ரப்பர், அரிசி, இரும்பு, பிறகு மனிதர்கள். ஒரு தடவை சிங்கப்பூர், ஒரு தடவை சிரம்பான், ஒரு தடவை எங்கே என்றே சொல்ல மாட்டான். பக்கத்தில் துப்பாக்கிக்காரன் ஒருவன் உட்கார்ந்து கையைக் காட்டுவான், நான் திருப்புவேன்.

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே எனக்கு மறந்து போனது. சண்டைக்கு முன்னால் நான் பூசை தவறினதில்லை. தவுக்கே திட்டினாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் தொட மாட்டேன். இப்போது மாதக் கணக்கில் பூசையும் இல்லை, சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கவும் இல்லை. மிச்சமிருந்தது செபமாலை ஒன்றுதான். அதை ஸ்டியரிங் தண்டில் சுற்றி வைத்திருந்தேன். துப்பாக்கிக்காரன் தூங்கி விழுந்ததும் விரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ளிக்கொண்டே வாய்க்குள் மந்திரம் சொல்வேன். வளைவு வந்தால் பாதியில் நின்றுபோகும். எத்தனையாவது மணி என்று தெரியாமல் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரு நாளாவது முழு மாலை சொல்லி முடித்தேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

வீட்டில் என் பங்குக்கும் சேர்த்து என் மனைவி செபித்தாள். நாங்கள் மலாக்காவில் காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அந்திக்கு விளக்கு வைத்ததும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிடுவாள். எண்ணெய் இல்லாத நாளில் விளக்கில்லாமலே முழங்காலிடுவாள். "நீங்க ரோட்டுல இருக்கீங்க, உங்களுக்கு முடியாது. நான் சொல்றேன், ரெண்டு பேருக்கும் எழுதிக்குவாங்க" என்பாள். யார் எழுதிக்கொள்வார்கள் என்று நான் கிண்டல் செய்தால் முறைப்பாள். உண்மையைச் சொன்னால் என் விசுவாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவளுடையதுதான். நான் அதன் நிழலில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கலியாணமாகிப் பல வருஷம் கழித்து அந்தக் கெட்ட காலத்தில்தான் அவள் உண்டானாள். மரவள்ளிக்கிழங்கையும் அதன் இலையையும் தின்று ஒரு பிள்ளையைச் சுமந்தாள். கால் வீங்கி, முகம் வெளுத்து, பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கோ ஒரே கவலை. பிள்ளை பலவீனமாகப் பிறந்து, நான் ஊரில் இல்லாமல், சாமியாரும் வர முடியாமல் போனால் ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடுமே! ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைக்கு மோட்சம் இல்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நரகமும் கிடையாது. இரண்டும் இல்லாத ஓர் இடம். அங்கே வலி இருக்காது, ஆனால் சர்வேசுரனுடைய முகத்தை என்றைக்கும் பார்க்க முடியாது. பெற்றவர்கள் மோட்சம் போனாலும் அந்தப் பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள்.

"அவசரத்துக்கு யாரும் குடுக்கலாம்னு சொல்லியிருக்காங்களே" என்று நான் தைரியம் சொன்னேன். "தண்ணி போதும். பிதா, சுதன் பேரச் சொல்ற வார்த்தை மட்டும் பிசகக் கூடாது."

எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். அவள் அந்த வார்த்தைகளை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். கிழங்கு அரியும்போதுகூட உதடு அசைந்துகொண்டிருக்கும்.

நான் சிங்கப்பூர் போயிருந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது. வழியில் பாலம் உடைந்து எங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். திரும்பி வந்து, புகையும் கரியுமாக வாசலில் கால் வைத்தேன். பக்கத்து வீட்டு மாமி கதவருகில் உட்கார்ந்திருந்தார்.

அந்த மாமி செட்டிக் குடும்பத்துக்காரர். அவர்களுடைய முன்னோர் எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கோயில் உண்டு, விபூதி உண்டு, பொங்கல் உண்டு. தமிழ் மட்டும் கிடையாது. வீட்டில் பேசுவது ஒரு மாதிரி மலாய். கெபாயா சட்டை போட்டு, கொண்டையில் ஊசி செருகி, வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். அந்த வட்டாரத்தில் பிரசவம் பார்ப்பது அவர்தான். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து உள்ளே கையைக் காட்டினார்.

பெண் பிள்ளை. காலையில்தான் உயிர் போயிருக்கிறது. என் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, மனைவியின் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். என் உள்ளங்கை அளவு முகம். சேசு மரி சூசையே, அந்த முகத்தை நான் எத்தனை பொறுமையாகப் பார்த்தேன்! அழுகை அப்புறந்தான் வந்தது.

மனைவியால் தலையைத் தூக்க முடியவில்லை. உதிரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அவள் முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க. ஞானஸ்நானம் குடுத்தாச்சு" என்றாள்.

நடந்ததை விட்டு விட்டுச் சொன்னாள். அந்திக்கு மேல் பிறந்திருக்கிறது. ஊரடங்கு. வெளியே தலை காட்டினால் சுட்டுவிடுவான், யார் போய்ச் சாமியாரை அழைப்பது? பிள்ளை நீலமாகிக்கொண்டே வந்திருக்கிறது. இவளால் கையைத் தூக்க முடியவில்லை. மாமியைக் கும்பிட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். மாமி நெற்றியில் ஊற்ற, இவள் படுத்தபடியே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறாள்.

"ஒரு வார்த்தை பிசகலைங்க. தண்ணி பட்டதும் அழுதுது. அது ஒரு தடவைதான் அழுதுது, அப்பத்தான்."

எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. சாகிற நிலைமையில் கிடந்துகொண்டு பிள்ளையை மோட்சத்துக்கு அனுப்பி வைத்தவள்! பட்ட காலிலே படும் என்பார்கள். எங்களுக்கு அன்றைக்குப் படவேண்டியதெல்லாம் பட்டாகிவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பிள்ளையை சோப்புக்கட்டி வந்த ஒரு சவர்க்காரப் பெட்டியில் வைத்து, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மாதா கோயிலுக்கு நடந்தேன். வழியில் சாவடியில் காவல் நின்ற ஜப்பான்காரனுக்குக் குனிய வேண்டும். பெட்டியோடு குனிந்தேன். திறக்கச் சொன்னான். திறந்தேன். பார்த்துவிட்டு, போ என்று தலையை ஆட்டினான்.

எங்கள் சாமியார் வயதான வெள்ளைக்காரர். அவருடைய தேசம் சண்டையில் சேராததால் ஜப்பான்காரன் அவரை வெளியில் விட்டுவைத்திருந்தான். இந்தியாவில் இருந்து தமிழ் படித்தவர். புத்தகத்தில் இருப்பது போலப் பேசுவார். அவரும் பட்டினிதான், அங்கி தொளதொளவென்று தொங்கியது. பெட்டியைப் பார்த்ததும் என் தோளில் கை வைத்தார். "ஞானஸ்நானம் பெற்றதா?" என்று கேட்டார்.

நான் ஒரு ஓட்டைவாய். எப்போதும் அப்படித்தான், ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வேன். ஆமாம் என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் அவர் மேலே கேட்டிருக்க மாட்டார். எனக்கோ என் மனைவியைப் பற்றி யாரிடமாவது பெருமையாகச் சொல்ல வேண்டும். உதிரம் போய்க்கொண்டிருந்ததை, கை எழாததை, கிண்ணத்தை, செட்டி மாமி ஊற்றியதை, அவள் படுத்தபடியே ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னதை, ஒன்று விடாமல் சொன்னேன்.

சாமியார் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"சொன்னவள் உன் மனைவி. ஊற்றியவள் மற்றவள். அப்படித்தானே?"

"ஆமாங்க சாமி."

"அந்த அம்மாள் ஏதாவது சொன்னாளா?"

"அவங்களுக்குத் தமிழ் வராதுங்க. அதனாலதான் இவளே சொன்னா."

அவர் பெட்டிமேல் கை வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். தண்ணீரை ஊற்றுகிறவரேதான் வார்த்தையையும் சொல்ல வேண்டுமாம். ஒருவர் ஊற்றி இன்னொருவர் சொன்னால் அது ஞானஸ்நானம் ஆகாதாம். ஊற்றுகிறவர் இந்துவாக இருந்தாலும் குற்றமில்லையாம். திருச்சபை செய்கிறதை நானும் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதுமாம். மலாயில் சொல்லியிருந்தாலும் செல்லுமாம்.

"மலாய்ல சொல்லியிருந்தாலும் செல்லுமா?" என்று கேட்டேன்.

"எந்த மொழியிலும் செல்லும், மகனே."

அப்போது எனக்குக் கோபம் வந்தது பாருங்கள், துப்பாக்கிக்காரன் அறைந்தபோதுகூட அப்படி வந்ததில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று இந்துக்கள் சொல்வார்கள். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "சாமி, எனக்கு ஒரு கை ஒடிஞ்சப்ப நான் ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு, பக்கத்துல இருந்தவன் கியர் போட்டு, கோலாலம்பூர்லேர்ந்து மலாக்காவுக்கு வந்திருக்கோம். வண்டி ஓடல? சரக்கு வந்து சேரல? ஒரு பச்சப்புள்ள மோட்சம் போறதுக்கு மட்டும் ஒரே ஆளோட கையும் வாயும் வேணுமா?"

"சட்டத்தை நான் எழுதவில்லை" என்றார். கண் கலங்கியிருந்தது. பொய்க்கு அழுகிறவர் இல்லை அவர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அயோக்கியனாக இருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன்.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த மண்ணில் இடமில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவரோரத்தில், குப்பையை எரிக்கிற பக்கத்தில், மந்திரிக்காமல் விட்ட ஒரு துண்டு மண் இருந்தது. அங்கே நானே குழி வெட்டினேன். சாமியார் கூடவே வந்தார். பூசை உடுப்பு போட்டுக்கொள்ளவில்லை, தீர்த்தம் தெளிக்கவில்லை. சும்மா ஒரு மனிதராக வெயிலில் நின்றார். பெட்டியை இறக்குவதற்கு ஒரு கை கொடுத்தார். சிலுவை நடக்கூடாது என்று அவர் சொல்வதற்கு முன்னால் நானே புரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு நடந்தபோது பொய் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எழுந்து நடமாடத் தொடங்கினால் அவள் முதலில் போவது கல்லறைக்குத்தான். சிலுவை இல்லாத மண்ணைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட என் வாயால் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். மாமி அவளுக்குக் கஷாயம் ஊட்டிக்கொண்டிருந்தார். எங்க வச்சீங்க என்று மனைவி கேட்டாள். சொன்னேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "தண்ணி பட்டுச்சுங்களே. அழுதுதே" என்றாள். பிறகு, "நான் பிசகாம சொன்னேனே" என்றாள்.

மாமி என்னைப் பார்த்து, "சாலா அபா?" என்று கேட்டார். என்ன தப்பு என்கிறார். நான் மலாயில் விளக்கினேன். கேட்கக் கேட்க அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நீ சொல்லிக் கொடு, நானும் கூடவே சொல்கிறேன் என்று அவர் அன்றைக்குக் கேட்டிருக்கிறார். இவள்தான் வேண்டாம் என்று தலையாட்டியிருக்கிறாள். தமிழ் தெரியாத வாய், வார்த்தை குழறிவிட்டால் எல்லாம் பாழாகிவிடும் என்று பயந்து, இருந்த உயிரையெல்லாம் திரட்டித் தானே சொல்லியிருக்கிறாள்.

மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். என் மனைவி அழவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "நான் சொன்னது அங்க போய்ச் சேரல" என்றாள். "இத்தன வருசமா சொன்னதெல்லாம் எங்க போச்சு?"

மறுநாள் லாரி எடுக்க உத்தரவு. போகாவிட்டால் என்னைத் தேடி வருவார்கள். அவளை மாமியிடம் விட்டுவிட்டுப் போனேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். உதிரம் நின்றது, எழுந்தாள், கிழங்கு நட்டாள், சமைத்தாள். முழங்காலிடவில்லை. அந்திக்கு மாதா படத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்தால் அவள் பின்கட்டுக்குப் போய்விடுவாள். ஒரு தடவை வற்புறுத்தினேன். "நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு வேணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு ரோட்டில் நான் செபமாலை சொன்னது கரி கிளறுகிற மாதிரிதான். விட்டால் அணைந்துவிடும் என்று கிளறினேன், சூடு எதுவும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். அவளுக்கும் சேர்த்து இப்போது நான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் மட்டும் இருந்தது. எழுதிக்கொள்கிறவர்கள் யாராவது இருந்தால் எழுதிக்கொள்ளட்டும்.

ஒரு நாள் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தம்பின் ஸ்டேசனுக்குப் போனேன். ஆண்கள்தான் அதிகம், சயாமில் ரயில் பாதை போட; போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. சில பேர் குடும்பத்தோடு ஏறியிருந்தார்கள், வேலையும் அரிசியும் கொடுப்பான் என்று நம்பி. பாவிகள், அவர்களிடம் என்ன சொல்ல முடியும்? வாயைத் திறந்தால் துப்பாக்கிக்காரன் பக்கத்தில். வழியில் ஓர் ஆற்றுப் பாலத்தருகே வண்டி கொதித்து நின்றது. தண்ணீர் மொள்ள இறங்கினேன். துப்பாக்கிக்காரன் மரத்தடியில் ஒன்றுக்குப் போனான்.

ஒரு பெண் பின்னாலிருந்து இறங்கி வந்தாள். கையில் துணி மூட்டை மாதிரி ஒரு பிள்ளை. ஸ்டியரிங்கில் இருந்த செபமாலையை ஏறும்போதே பார்த்திருக்கிறாள்.

"அண்ணே, நீங்க வேதக்காரங்களா?"

"ஆமா. என்னம்மா?"

"நாங்களும் வேதந்தான். புள்ளைக்கு மூச்சு ஒரு மாதிரியா இருக்குண்ணே. எங்க தோட்டத்துக்குச் சாமியார் வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் ஞானஸ்நானம் ஆகல." பிள்ளையை என் பக்கம் நீட்டினாள்.

நான் பிள்ளையைப் பார்த்தேன். அதே நீலம். சிரட்டையில் ஆற்றுத் தண்ணீரை மொண்டேன். பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்து நான் வார்த்தையை ஆரம்பித்ததும், அவளும் பயத்தில் கூடவே முணுமுணுக்கத் தொடங்கினாள்.

"வாய மூடு!" என்று கத்திவிட்டேன். வண்டியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் மிரண்டு போனாள். அவளும் சொன்னால் ஒன்றும் கெட்டுவிடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் என்னால் பொறுக்க முடியவில்லை. என் கையாலேயே மூன்று தடவை ஊற்றி, என் வாயாலேயே முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். பிள்ளை அழவில்லை. ஈர நெற்றியை அவள் முந்தானையால் ஒற்றினாள்.

"இனிமே மோட்சந்தானேண்ணே?"

"மோட்சந்தான் தங்கச்சி. ஒனக்குச் சந்தேகமே வேணாம்."

அவள் என் காலைத் தொடக் குனிந்தாள். நான் விலகிப் போய் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினேன். தம்பினில் எல்லோரும் இறங்கியபோது அந்தப் பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடியிருந்தாள். தட்டித் தட்டி ரயிலில் ஏற்றினார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்த முகத்தில் இருந்த தெளிவை நான் ஏற்கனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வண்டிக்குள் ஏறிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். கடைசியில் சொன்னேன். அவள் செபத்துக்குத் திரும்பி வர இதுவாவது ஒரு வழியாகட்டும் என்று அசட்டுத்தனமாக ஒரு நினைப்பு. யாரோ ஒரு பிள்ளைக்காவது முறைப்படி நடந்தது, நம் வீட்டுத் துக்கத்தால் ஒரு பிள்ளையாவது மோட்சம் போனது என்று சொன்னேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முழுக்கக் கேட்டாள்.

"ஆணா, பொண்ணா?"

"கேக்கலியே" என்றேன்.

"நம்மளது மாதிரியே சின்னதா இருந்துச்சா?"

"ஆமா."

அவள் சீவின கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றைக் கையில் எடுத்தாள்.

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாங்க" என்றாள். "அங்க போயி வெளயாட நம்ம புள்ளையத் தேடும். நம்மளது அங்க இல்லன்னு சொல்லியிருக்கலாம்."